ஜேபியில் (மலேசியாவின் ஜொகூர் பாரு) நல்ல ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை எது? அம்மா சைவம், மகளுக்கு சூஷி

உட்லண்ட்ஸ்_வாசி:
வணக்கம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், இன்னும் ஆறு வாரம் இருப்பார். மகளுக்கு எட்டு வயது, சூஷி என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம் (சூஷியே சோறுதானடி என்றால் கேட்பதில்லை). சிங்கப்பூரில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் 150 வெள்ளி பறந்துவிடுகிறது, பாலத்தைத் தாண்டினால் பாதிக் காசில் முடியும் என்று ஆபீசில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் எல்லாக் கடைக்கும் அதே சால்மன் படம், அதே புகழ்ச்சி. அதனால் நேராகவே கேட்கிறேன்: ஜொகூர் பாருவில் இருப்பதிலேயே சிறந்த ஜப்பானியக் கடை எது? ஒன்றே ஒன்று சொன்னால் போதும். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சனிக்கிழமை மதியம் போவதாகத் திட்டம்.

பில்_பார்ப்பவன்:
சனிக்கிழமை மதியம் என்றதும் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். 2014லிருந்து 2024 முடியும்வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்தக் காலத்தில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போவோம், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், மேசை காலியாக இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து அவர்களுக்கும் சனி ஞாயிறுதான். இரண்டு ஊர்க் கூட்டமும் இப்போது ஒரே நாளில் ஒரே வாசலில் நிற்கிறது. ஒரு நாள் லீவு போட முடிந்தால் செவ்வாயோ வியாழனோ போங்கள்.

அப்புறம், அங்கே போய் "வெள்ளி" என்று பேசும்போது எந்த நாட்டு வெள்ளி என்று கவனம் வேண்டும். ஷட்டில் தெப்ராவ் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்களேன். போக 5 வெள்ளி, வர 5 வெள்ளி. போகும்போது சிங்கப்பூர் வெள்ளி, வரும்போது மலேசிய வெள்ளி! ஐந்து நிமிட ஓட்டம், ஆனால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்கு மேல் வரி 6 விழுக்காடு. முப்பது என்று நினைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முப்பத்தைந்து ஆகியிருக்கும்.

தெப்ராவ்_மைந்தன்:
தம்பி, "சிறந்த கடை" என்று ஒன்று கிடையாது. எதற்குச் சிறந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பாசிர் கூடாங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் 19 வருடம் வேலை பார்த்தேன். ஜேபியில் ஜப்பானியக் கடைகள் முளைத்ததற்கு சிங்கப்பூர்க்காரர்கள் மட்டும் காரணம் இல்லை, எங்கள் மேலாளர்கள் மாதிரி குடும்பத்தோடு வந்து தங்கியவர்களும் ஒரு காரணம். பண்டார் ஸ்ரீ ஆலாம் பக்கம் ஜப்பானியப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. அந்த மனிதர்கள் மதியம் எங்கே சாப்பிட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட சால்மன் சஷிமி (பச்சை மீன் துண்டு) கேட்டு நான் பார்த்ததில்லை. தெய்ஷோகுதான். நம் மீல்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: தட்டில் சோறு, மிசோ (சோயா விழுது) சூப், ஊறுகாய், நடுவில் ஒரே ஒரு பெரிய அயிட்டம்.

என் பழைய மேலாளர் சாபா ஷியோயாகி மட்டும்தான் சொல்வார். நம் கானாங்கெளுத்திக்கு அண்ணன் முறை மீன் அது, உப்புத் தடவி நெருப்பில் வாட்டியது. தோல் அங்கங்கே கொப்புளித்து, ஓரத்தில் லேசாகக் கருகி, எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டே மேசைக்கு வரும். பக்கத்தில் துருவிய முள்ளங்கி ஒரு குவியல். சோயாவை அந்த முள்ளங்கியின் மேல்தான் நாலு சொட்டு விடுவார், மீன்மேல் ஊற்ற மாட்டார். குச்சியால் நடு முள்ளைத் தலைப்பக்கமிருந்து தூக்கினால் முழுசாகக் கழன்று வரும். கடைசியில் தட்டில் முள்ளும் எலுமிச்சைத் தோலும்தான் மிஞ்சும். அந்த மீனைச் சரியாக வாட்டத் தெரிந்த கடைதான் எனக்கு நல்ல கடை. இதில் வேடிக்கை, அந்த மீன் பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைந்த நிலையில் வருவது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மலிவு_சால்மன்:
அண்ணே, உங்களுக்கு வயசாகிவிட்டது (அன்பாகத்தான் சொல்கிறேன்). அவர் மகளுக்கு எட்டு வயது, அது முள் எடுத்துக்கொண்டா உட்காரும்? ஓடும் பட்டையில் சூஷித் தட்டு சுற்றி வர வேண்டும், காலித் தட்டைக் கலர் கலராக அடுக்க வேண்டும், கடைசியில் எண்ணிக் காசு கொடுக்க வேண்டும். சூஷி மெந்தாய் கடை வந்த புதிதில் 1.80, 2.80 வெள்ளித் தட்டுகளாக அடுக்கி மூக்குப் பிடிக்கத் தின்றிருக்கிறோம். சூஷி கிங் எந்தப் பேரங்காடியிலும் இருக்கும், சூஷி சன்மாய் வேண்டுமென்றால் மிட் வேலி சவுத்கீ பேரங்காடிக்குப் போகலாம். பிள்ளைக்கு இது போதும். எல்லோரும் ஏன் இப்படி ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று புரியவில்லை.

தெப்ராவ்_மைந்தன்:
வயசு ஆனது உண்மைதான். ஆனால் நீ சொன்ன சூஷி கிங்கின் கதை தெரியுமா? ஜப்பானிலிருந்து வந்த கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். 1995ல் இங்கேயே தொடங்கியது. பினாங்கில் தங்கிவிட்ட ஃபுமிஹிகோ கொனிஷி என்ற ஜப்பானியரின் டெக்ஸ்கெம் குழுமம் ஆரம்பித்த மலேசியக் கடை அது. எங்கள் பிள்ளைகள் பச்சை மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டது அங்கேதான், அதில் குறை சொல்ல மாட்டேன். தட்டு சுற்றும் யோசனையும் 1958ல் ஒசாகாப் பக்கம் சாதாரணத் தொழிலாளிகளுக்கு மலிவாகக் கொடுக்க வந்ததுதான், மட்டமான யோசனை இல்லை. என் கேள்வி வேறு. சுற்றும் தட்டு சிங்கப்பூரிலேயே கிடைக்கிறது, சுஷிரோ என்ற ஜப்பானியக் கடை 2019லேயே வந்துவிட்டது. அதற்காக ஒரு மனிதர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குடிநுழைவு வரிசையில் இரண்டு முறை நிற்க வேண்டுமா?

கரண்டி_ராணி:
ஐந்து வருடம் ஜேபியில் ஒரு ஜப்பானியச் சமையலறையில் இருந்தேன், இப்போது இல்லை, அதனால் தைரியமாக எழுதலாம்.

பச்சை மீனுக்காகப் பாலம் தாண்டுகிறவர்களுக்கு முதலில் ஒன்று. "இன்றைக்குப் பிடித்த மீன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம், அது தேவையும் இல்லை. தோக்கியோவின் தொயோசு சந்தை ஞாயிற்றுக்கிழமை மூடல், பல புதன்கிழமைகளிலும் மூடல். அங்கிருந்து விமானத்தில் வரவழைக்கிற கடைக்குக்கூட திங்கட்கிழமை மதியம் கையில் இருப்பது சனிக்கிழமைச் சரக்குதான். பல வெள்ளை மீன்கள் ஓரிரு நாள் ஆன பிறகுதான் ருசியே கூடும், அது வேறு விஷயம். புழு பயம் உள்ளவர்களுக்கு: மைனஸ் 20 பாகையில் 24 மணி நேரம் உறைய வைத்தால் அனிசாகிஸ் செத்துவிடும் என்பது ஜப்பானிய அரசே சொல்லும் கணக்கு. ஆகவே "உறைந்த மீன்" என்பது வசவு இல்லை. சால்மனைப் பச்சையாகத் தின்னும் பழக்கமே ஜப்பானில் 1980களில் நார்வேக்காரர்கள் விற்பனைக்கு இறங்கிய பிறகுதான் பரவியது. பாட்டன் காலத்துப் பாரம்பரியம் என்று சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது சூரை மீன், ஜப்பானியர் மகுரோ என்பது. நல்ல மகுரோ கருஞ்சிவப்பாக இருக்கும், காற்றுப்பட்டால் நேரம் ஆக ஆகப் பழுப்பாக மங்கும். தர்பூசணி மாதிரி பளீரென்று இளஞ்சிவப்பாக இருந்து, நீங்கள் பேசி முடித்து டீ குடிக்கும்வரை நிறமே மாறாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பன் மோனாக்சைடு காட்டி நிறத்தை நிறுத்தி வைக்கும் வேலை உண்டு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அதற்குத் தடை. அந்த மீன் பழசானாலும் முகம் சிவந்தே இருக்கும், அதுதான் ஆபத்து.

அப்புறம் சோறு. எல்லோரும் மீனைப் பார்க்கிறார்கள், நான் சோற்றைப் பார்ப்பேன். விரலால் தொட்டால் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து வந்த மாதிரி சில்லென்று, பருக்கை பருக்கையாக விறைத்திருந்தால் மேலே என்ன மீன் வைத்தாலும் வீண்.

பில்_பார்ப்பவன்:
தர்பூசணி என்றீர்களே அக்கா, எனக்கு நடந்ததே அதுதான். கடை பெயர் வேண்டாம். ஒரு பேரங்காடிக்குப் பின்னால், இரண்டு மாடி, வாசலில் பெரிய பூனை பொம்மை. சூரை அத்தனை அழகு, மனைவி படமெல்லாம் எடுத்தாள். வாயில் வைத்ததும் ஈரத்துணி வாசம். திருப்பிக் கொடுத்தேன், அந்தப் பையன் பாவம், உள்ளே எடுத்துப்போய் அதே மீனின் மேல் மயோனைஸ் ஊற்றி லேசாகச் சுட்டுக் கொண்டுவந்தான்! சாப்பிடவில்லை, ஆனாலும் பில்லில் 38 வெள்ளி சேர்த்திருந்தார்கள். அன்றிலிருந்து மயோனைஸ் மூடிய எதையும் நான் தொடுவதில்லை.

பெலாங்கி_பாய்:
நான் தாமான் பெலாங்கி பக்கம். நம் முஸ்லிம் மக்களுக்காக ஒரு வார்த்தை. "பன்றி இல்லை" என்று பலகை போட்டால் ஹலால் என்று அர்த்தம் இல்லை. சாஸ்களில் மிரின், சாக்கே என்ற அரிசி மது இரண்டும் சேரும், உனாகி (விலாங்கு மீன்) மேல் பூசுகிற அந்த இனிப்புச் சாறு முழுக்க அதுதான். ஜப்பானிய கறிக் குழம்புக்குக் கரைக்கிற கட்டியில் பல வகைகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். ஜாக்கிம் (மலேசிய அரசின் ஹலால்) சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பார்த்து, தேதியையும் பார்த்துவிட்டு உட்காருங்கள். இசகாயா (ஜப்பானிய மதுக்கடை) பக்கம் நான் போவதில்லை, போகிறவர்கள் சொன்னது: கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் கொண்டுவந்து வைப்பார்களாம், அதற்கும் காசு.

தெப்ராவ்_மைந்தன்:
அதற்குப் பெயர் ஓதோஷி, பாய். உட்கார்ந்த கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்று இல்லை, ஜப்பானிலும் அப்படித்தான். முதல் முறை நானும் சண்டை போட்டேன்.

மாசிச்_சம்பல்:
அம்மாவின் சைவத்தை எல்லாரும் மறந்துபோய் மீனையே கதைச்சுக்கொண்டு இருக்கிறீர்கள். உட்லண்ட்ஸ் தம்பி, இதுதான் உங்களுக்குப் பெரிய சிக்கல். ஜப்பானியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் இருக்கும். தாஷி என்று ஒரு சாறு, அதில்தான் மிசோ சூப், அதில்தான் நூடில்ஸ் குழம்பு, அதில்தான் கத்தரிக்காய் வேகும். அதற்குப் போடுவது கட்சுஓபுஷி. எங்கட வீட்டில் சம்பலுக்கு இடிக்கிற மாசி இருக்கே, அதேதான். அதே சூரை இனம், அவித்து, புகை காட்டி, கட்டையாகக் காயவைத்தது. ஜப்பான்காரர் அதைச் சீவுகிறார், நாங்கள் இடிக்கிறோம். "மீன் போட வேண்டாம்" என்று சொன்னால் துண்டு மீனை எடுத்துவிட்டு அந்தச் சாற்றை அப்படியே ஊற்றித் தருவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை.

கரண்டி_ராணி:
முழுக்க உண்மை. நான் அம்மாவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வெள்ளரிக்காய் மாக்கி (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு), அவகாடோ மாக்கி தைரியமாகச் சாப்பிடலாம், மயோனைஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் முட்டை. எடமாமே (பச்சை சோயா அவரை) உப்பு மட்டும்தான், சரி. இனாரி (பொரித்த தோஃபுத் தோலில் அடைத்த சோறு) பார்க்கச் சைவம், அந்தத் தோலைத் தாஷியில்தான் கொதிக்க வைப்போம், விடுங்கள். காய்கறி தெம்புரா மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். கூட்டம் இல்லாத நேரம் கேட்டால் மாவும் ஐஸ் தண்ணீரும் மட்டும் கலந்து தருவார்கள், ஆனால் எண்ணெய் இறால் பொரித்த எண்ணெய். அதை ஏற்பதா வேண்டாமா என்று அம்மாவே சொல்லட்டும், நீங்கள் மறைக்காதீர்கள். காய்கறி போட்ட ஜப்பானிய கறிக் குழம்பு வேண்டவே வேண்டாம், பாய் சொன்ன கட்டிதான்.

இதெல்லாம் கேட்கிற மாதிரி கடை வேண்டுமென்றால் சனிக்கிழமைக் கூட்டம் உள்ள கடை உதவாது. எட்டு மேசை உள்ள கடை, சமைக்கிறவர் எதிரிலேயே நிற்கிற கடை, வாரநாள், ஒன்றரை மணிக்கு மேல். போவதற்கு முந்தைய நாள் போன் போட்டு "கொம்பு தாஷி கிடைக்குமா" என்று கேளுங்கள். கொம்பு கடற்பாசி, சைவம். என்ன கேட்கிறீர்கள் என்றே புரியாத கடையாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மலிவு_சால்மன்:
சரி சரி, நான் தோற்றுவிட்டேன். ஆனால் ஒன்று, அந்த கறி விஷயம் எனக்கு எப்போதுமே சிரிப்பு. நம் வாயிலிருந்து போன சொல், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய், மெய்ஜி மன்னர் காலத்தில் ஜப்பானில் இறக்கி, அவன் அதில் ஆப்பிளும் சர்க்கரையும் போட்டு, இப்போது பெர்மாஸ் ஜெயாவில் நமக்கே 28 வெள்ளிக்கு விற்கிறான். என் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு "பாயசத்தில் மஞ்சள் கொட்டிவிட்டார்கள்" என்றார்.

பில்_பார்ப்பவன்:
காரில் போவதாக இருந்தால் அனுமதிச் சீட்டு ஞாபகம், 2025 ஜூலை முதல் சிங்கப்பூர் வண்டிக்கு விஇபி என்ற அந்தச் சீட்டு இல்லாவிட்டால் 300 வெள்ளி அபராதம் (மலேசிய வெள்ளி, ஆறுதல்). முக்கியமாக, மிஞ்சிய சூஷியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வராதீர்கள். நெரிசலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வெந்த பச்சை மீனை வீட்டில் வந்து யார் தின்பது? 2026 முடிவில் ஆர்டிஎஸ் ரயில் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள், புக்கிட் சாகரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்து நிமிடம். அது வந்தால் இந்த ஆலோசனை எல்லாம் மாறலாம், கூட்டமும் சேர்ந்தேதான் வரும்.

உட்லண்ட்ஸ்_வாசி:
போய் வந்தோம்! புதன்கிழமை லீவு போட்டேன். காலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, பஸ்தான், ஆனால் வாரநாள் என்பதால் நாற்பது நிமிடத்தில் தாண்டிவிட்டோம்.

தெப்ராவ் அண்ணன் தனிச்செய்தியில் மூன்று கடை சொல்லியிருந்தார். மூன்றுக்கும் போன் போட்டேன். முதல் கடையில் கொம்பு தாஷி என்றதும் "எந்த காம்போ?" என்று கேட்டார்கள், செட்டுச் சாப்பாடு என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது கடை எடுக்கவே இல்லை. மூன்றாவதில் ஒரு வயதான அம்மா எடுத்து, கொஞ்சம் யோசித்து, "முட்டையும் இல்லையா?" என்று அவரே கேட்டார். அங்கேயே போய்விட்டோம். ஏழு மேசைதான், மதியம் இரண்டு மணிக்கு எங்களைத் தவிர இரண்டு பேர், அவர்கள் பேசியது ஜப்பானிய மொழி.

நான் சாபா சொன்னேன், அண்ணன் சொன்ன மாதிரி முள்ளைத் தூக்கப் பார்த்தேன், பாதியில் ஒடிந்துவிட்டது. மனைவிக்குக் கட்சுதோன் (பொரித்த இறைச்சியும் முட்டையும் போட்ட சோறு). மகளுக்கு ஆறு துண்டு சூஷி, சூரை கருஞ்சிவப்பாக இருந்தது ராணி அக்கா, சோறு சில்லென்று இல்லை. தட்டு சுற்றவில்லையே என்று ஐந்து நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு அந்தத் தாத்தா கையில் பிடித்து அழுத்துவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வெள்ளரி மாக்கி வந்தது, மரியாதைக்கு நாலு சாப்பிட்டார். இன்னும் பசி போகவில்லை என்று அந்தக் கடைக்கார அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, ஒரு கிண்ணத்தில் சூடான சோறு, மேலே ஒரே ஒரு ஊமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்), அதன்மேல் கெட்டிலிலிருந்து பச்சைத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். தாஷி இல்லை, டீ மட்டும் என்று விரலை ஆட்டிக் காட்டினார். அம்மா ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், "டேய், இது நீர்ச்சோறும் உப்பு நார்த்தங்காயும்டா" என்றார். கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தேவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே பத்து நிமிடம் ஊறுகாய் பற்றிப் பேசினார்கள்.

நாலு பேருக்கும் 131 வெள்ளி 40 காசு. மலேசிய வெள்ளி.

மலிவு_சால்மன்:
கடை பெயர்?

உட்லண்ட்ஸ்_வாசி:
ஏழு மேசை என்று எழுதினேனே தம்பி. பொதுவில் போட்டால் அடுத்த சனிக்கிழமை எனக்கே இடம் கிடைக்காது. தனிச்செய்தி அனுப்புங்கள்.

ஆமாம், அந்த ஊமேபோஷி எங்கே வாங்குவது? அம்மா ஊருக்கு எடுத்துப்போக வேண்டுமாம்.

கரண்டி_ராணி:
ஏயோன் பேரங்காடியில் ஜப்பானியப் பொருள்கள் அடுக்கில் பாருங்கள். வாங்கும்முன் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள், சில வகைகளில் கட்சுஓ தூவியிருப்பார்கள், அது மாசி. உப்பும் ஷிசோ இலையும் மட்டும் போட்டதாக எடுங்கள். கொட்டை உள்ளே இருக்கும், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பல்.